அரைப் பவுன் குண்டு

அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் கயோட்டி வேட்டைக்குப் போகிறவர்கள் இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், காப்பி ஆறுவதற்குள் காலிபர் வாக்குவாதம் தொடங்கிவிடும். .223 ரெமிங்டன் தாராளமாகப் போதும் என்பார் ஒருவர். .22-250 கையில் இல்லாமல் வீட்டைவிட்டே இறங்கமாட்டேன் என்பார் மற்றவர். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு துப்பாக்கிகளின் குழலிலிருந்தும் வெளியே வருவது ஒரே குண்டுதான். விட்டம் 0.224 அங்குலம், அதாவது 5.7 மில்லிமீட்டர். வழக்கமான எடை 55 கிரெயின். கிராமில் சொன்னால் 3.56. அரைப் பவுன் தங்கம்கூட இல்லை.

காலிபர் என்றால் குழலின் உள்விட்டம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் தோட்டாவின் பெயரை நம்பி அளவெடுக்க முடியாது. .22 ஹார்னெட், .220 ஸ்விஃப்ட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் எல்லாமே இன்று சுடுவது 0.224 அங்குலக் குண்டைத்தான். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டக் கம்பெனிகள் வைத்த பெயர்கள் அவை. உண்மையான வேறுபாடு குண்டுக்குப் பின்னால் இருக்கும் பித்தளைக் கூட்டில் இருக்கிறது. .223 கூட்டில் ஏறத்தாழ 25 கிரெயின் வெடிமருந்து பிடிக்கும். .22-250 கூட்டில் 35 கிரெயினுக்குக் குறையாது. 1915-இல் வந்த .250 சாவேஜ் தோட்டாவின் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை ஒடுக்கி, சின்னக் குண்டைப் பொருத்திப் பார்த்தார்கள் 1930-களின் துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள். முப்பது ஆண்டு பட்டறைச் சரக்காகவே ஓடிக்கொண்டிருந்த அதை 1965-இல் ரெமிங்டன் கம்பெனி தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. .22-250 என்ற விநோதப் பெயரின் கதை இவ்வளவுதான்.

ஆகவே எந்தக் காலிபர் என்று கேட்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இத்தனை சிறிய குண்டை எந்த வேகத்தில் அனுப்பினால், எத்தனை தூரம் வரை, ஒரு கயோட்டி துடிக்காமல் உடனே சாகும்?

முதலில் விலங்கைப் பார்க்க வேண்டும். கயோட்டி நம் குள்ளநரிக்கு உறவுதான், சற்றுப் பெரியது. தாமஸ் சே என்ற இயற்கையியலாளர் 1823-இல் அதற்குக் கானிஸ் லட்ரான்ஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். மேற்கு மாநிலங்களில் வளர்ந்த கயோட்டி பெரும்பாலும் 9 முதல் 16 கிலோவுக்குள் இருக்கும். பனிக்காலத்தில் உரோமம் அடர்ந்து புடைத்து நிற்பதால் ஸ்கோப்பில் பார்க்கும்போது பெரிய வேட்டைநாய் போலத் தோன்றும். உரோமத்துக்குள் இருப்பதோ ஒல்லி உடம்பு. பக்கவாட்டில் நிற்கும் கயோட்டியின் முன்னங்காலை ஒட்டிச் சற்றுப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 10 முதல் 12 செ.மீ. அகலம்தான். மான் வேட்டைக்காரருக்கு இதில் இரு மடங்கு இடம் கிடைக்கும். அதனால் அவர் கொஞ்சம் பிசகினாலும் தப்பித்துக்கொள்வார். கயோட்டி விஷயத்தில் பிசகு என்றால் குடலிலோ காலிலோ குண்டு வாங்கிய விலங்கு புதருக்குள் ஓடிச் சாவதற்கு நாட்கணக்கில் ஆகும் என்று பொருள்.

இனி வேகம். இயக்க ஆற்றல் எடையோடு நேர்விகிதத்தில் கூடும்; வேகத்தோடோ அதன் இருமடியில் கூடும். பள்ளியில் மனப்பாடம் செய்த இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் இருபதாம் நூற்றாண்டின் சிறுவிலங்குத் தோட்டாக்கள் அத்தனையும் பிறந்தன. ஊர்ப்புறங்களில் முயலுக்கும் அணிலுக்கும் பயன்படும் .22 லாங் ரைஃபிள், 1887-இலிருந்து இருக்கும் தோட்டா, 2.6 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 370 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றல் 180 ஜூல் அளவில் நிற்கும். .223 ரெமிங்டன் அதே விட்டமுள்ள, ஒரு கிராம் மட்டுமே கூடுதலான குண்டை 988 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றல் 1,740 ஜூல். எடை ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை. ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்காகிவிட்டது. .22-250 அதே குண்டை 1,120 மீட்டருக்குக் கொண்டுபோய் 2,240 ஜூலை எட்டுகிறது. ஒலியின் வேகத்தைப்போல் மும்மடங்குக்கும் மேல். 270 மீட்டர் தொலைவில் நிற்கும் கயோட்டிக்கு வெடிச் சத்தம் போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேலாகும். குண்டு அதில் பாதி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஜூல் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு துப்பாக்கி வாங்குகிறவர்கள் ஏராளம். கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார். அது பாதிக் கதை என்று நிரூபித்தவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் ஃபேக்ளர். வியட்நாம் போரில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1980-களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மேன் ராணுவ ஆய்வு நிலையத்தில் குண்டுக் காயங்களை ஆராயும் கூடத்தை நடத்தினார். பத்து சதவீத ஜெலட்டினை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, அதில் சுட்டு, குண்டு போன பாதையை அளந்து வரைவது அவர் முறை. தசையில் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவே அந்தக் கட்டியிலும் போகும்படி அந்தச் செறிவையும் குளிரையும் தேர்ந்திருந்தார்.

அந்தக் கட்டி ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. உள்ளே நடப்பது தெரியும். முழுக்கச் செம்பு உறை போட்ட ராணுவ 55 கிரெயின் குண்டு உள்ளே நுழைந்ததும் முதல் 12 செ.மீ. அளவுக்கு முனை முன்னோக்கியபடி ஒரு மெல்லிய துளையாகவே போகிறது. அதன் பிறகுதான் பக்கவாட்டில் கவிழ்ந்து, நசுங்கி, இடையில் இருக்கும் பள்ளத்தில் முறிந்து சிதறுகிறது. பெரிய சேதம் அங்கேதான். இப்போது கயோட்டியின் மார்புக்கூட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அந்த 12 செ.மீ.யைப் பெரிதாகத் தாண்டாது. கவிழ வேண்டிய இடம் வருவதற்குள் குண்டு மறுபக்கம் வெளியேறி, தன்னிடம் இருந்த ஆயிரத்துச் சொச்சம் ஜூலையும் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குக் கொடுத்துவிடும். விலங்குக்குக் கிடைத்தது ஓர் ஊசித் துளை. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ராணுவ வகைக் குண்டை வாங்கி வந்து, சுட்ட கயோட்டி ஓடிப்போனதும், .223-க்குப் பலமில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குற்றம் காலிபருடையது அல்ல.

சிறுவிலங்குகளுக்கென்றே செய்யப்படும் குண்டின் உடல்கூறு வேறு. செம்பு உறை மெல்லியது. உள்ளே மென்மையான ஈயம். முனையில் பிளாஸ்டிக் ஊசி. அந்த ஊசி காற்றைக் கிழிக்க மட்டும் வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உடலைத் தொட்டதும் ஆப்புபோலப் பின்னோக்கி ஈயத்துக்குள் இறங்கி உறையைப் பிளப்பதுதான் அதன் முக்கிய வேலை. நோஸ்லர் கம்பெனியின் பாலிஸ்டிக் டிப், ஹார்னடியின் வி-மேக்ஸ் ஆகியவை இந்த வகை. முதல் சில செ.மீ.யிலேயே விரிந்து துணுக்குகளாகிவிடும். நுரையீரல் மீள்தன்மை கொண்ட திசு. வெறும் விரிவதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் துணுக்குகள் ஏற்கெனவே நாற்புறமும் துளைத்த நுரையீரல் அந்த விரிவைத் தாங்காமல் கிழிகிறது. ஃபேக்ளரின் வாதம் இதுதான்: சிதறலும் விரிவும் சேரும்போதுதான் சேதம் பெருகுகிறது, ஆற்றல் எண் தனியாக எதையும் சொல்லாது.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1.3 கிராமோ 2 கிராமோ உள்ள மிக லேசான, மிக வேகமான குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால் தோலுக்கு அடியிலேயே சிதறித் தீர்ந்துவிடும். வெளியே பார்க்க அகலமான கோரக் காயம். உள்ளே இதயமும் நுரையீரலும் பத்திரம். இப்படிக் காயம்பட்டு ஓடும் கயோட்டியின் நிலை, துளை விழுந்து ஓடுவதைவிட மோசம்.

உரோமத்துக்காக வேட்டையாடுபவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோல் நன்றாக இருக்கும். நுழையும் துளை சிறியதாகவும் வெளியேறும் துளையே இல்லாமலும் இருந்தால் தைக்க வேண்டிய வேலை மிச்சம். .204 ரூகர், .17 ரெமிங்டன் போன்ற மெல்லிய குண்டுகளுக்கு மவுசு வந்தது இதனால்தான். அந்தத் தோல்களில் பெரும்பங்கு குளிர்ச்சட்டைகளின் தலைமூடிக்கு விளிம்பாகப் போனது. அதில் பேர்போன கனடா கூஸ் கம்பெனி, உரோமம் வாங்குவதை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்துவிட்டது. தையல் கூலிக்கும் தேறாத தோலுக்காகக் காலிபரைத் தேர்வது இன்று அவ்வளவாக அர்த்தமுள்ளதாகத் தெரியவில்லை.

சரி, குண்டு எப்படிப்பட்டது என்று முடிவாகிவிட்டது. அதை அந்த 12 செ.மீ. வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அடுத்த வேலை. அங்கே இரண்டு எதிரிகள்: புவியீர்ப்பும் காற்றும்.

புவியீர்ப்பு நேர்மையான எதிரி. குழலைவிட்ட நொடியிலிருந்து எல்லாக் குண்டுகளும், வேகம் எதுவானாலும், ஒரே வீதத்தில்தான் கீழே விழுகின்றன. வேகமான குண்டு போய்ச் சேர எடுக்கும் நேரம் குறைவு, அதனால் விழும் தூரமும் குறைவு, அவ்வளவே. 183 மீட்டரை, அதாவது 200 யார்டை, .223 குண்டு நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் கடக்கிறது; விழுவது 20 செ.மீ. அளவு. .22 லாங் ரைஃபிளுக்கு அதே தூரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இறக்கம். முதலாவதை, ஸ்கோப்பை 200 யார்டுக்குச் சரிசெய்து வைத்துவிட்டால் மறந்துவிடலாம்: நடுவழியில் நாலைந்து செ.மீ. மேலே, 200 யார்டைச் சற்றுத் தாண்டினால் கொஞ்சம் கீழே, எல்லாம் வட்டத்துக்குள்ளேயே. 300 யார்டு என்றால் 18, 20 செ.மீ. கீழே போகும், அங்கே கணக்குப் போட்டாக வேண்டும். .22-250 இந்த மறந்துவிடக்கூடிய தூரத்தை இன்னும் முப்பது, நாற்பது மீட்டர் நீட்டித் தருகிறது. அந்தக் கூடுதல் பத்து கிரெயின் மருந்துக்கு வாங்கும் பலன் இதுதான். எப்படியும், இறக்கம் அட்டவணையில் இருக்கிறது. தூரம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

காற்று அப்படியல்ல. வயோமிங்கிலும் மொன்டானாவிலும் நெவாடாவிலும் காற்று நிற்பதே அரிது. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் ஒரு வேகம், அந்தப் பக்கம் வேறு. ஸ்கோப்பில் தெரியும் புல் சாய்ந்திருப்பதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு தவறான படத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டுக் காற்று குண்டின் விலாவில் கைவைத்துத் தள்ளுகிறது என்று எண்ணுகிறார்கள். அப்படியானால் அதிக நேரம் காற்றில் இருக்கும் குண்டு அதிகம் நகர வேண்டும். நடப்பது அதுவல்ல.

இரண்டு குண்டுகளை ஒப்பிட்டால் தெரியும். ஒன்று .223-இன் 55 கிரெயின், 988 மீட்டர் வேகத்தில் கிளம்புவது. மற்றொன்று .243 வின்செஸ்டரின் 95 கிரெயின், 922 மீட்டரில் கிளம்புவது. 274 மீட்டரை, அதாவது 300 யார்டை, இரண்டுமே ஏறத்தாழ நொடியில் மூன்றில் ஒரு பங்கில்தான் கடக்கின்றன. நேர வேறுபாடு ஆயிரத்தில் சில பங்கு. ஆனால் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே காற்றடித்தால் .223 குண்டு 27 செ.மீ. அளவுக்கு விலகுகிறது; .243 குண்டு 17, 18 செ.மீ.தான். ஒரே காற்று, ஒரே நேரம், விலகல் மட்டும் வேறு.

காரணத்தை டிடியோன் என்ற பிரெஞ்சு ராணுவ ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். காற்றின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு உண்மையில் எடுத்த நேரத்திலிருந்து, காற்றுத்தடையே இல்லாத வெற்றிடத்தில் அது எடுத்திருக்கக்கூடிய நேரத்தைக் கழியுங்கள். இரண்டையும் பெருக்கினால் விலகல். கணக்கில் வருவது மொத்த நேரமல்ல, தாமதமான நேரம். சுழலும் குண்டு தன்மேல் மோதும் காற்றின் திசைக்குத் தன் முனையைத் திருப்பிக்கொள்கிறது. எதிரேயும் பக்கத்திலிருந்தும் வரும் காற்றின் கூட்டுத்திசைக்கு முனை மிகச் சிறிய கோணத்தில் சாய்கிறது. காற்றுத்தடை அந்தச் சாய்ந்த அச்சின் வழியே பின்னிழுக்கிறது. பின்னிழுப்பின் ஒரு துளிதான் பக்கவாட்டு நகர்வாக மாறுகிறது. தடை குறைவான குண்டுக்குத் தாமதமும் குறைவு, விலகலும் குறைவு. நீண்டு மெலிந்து கனமான குண்டு ஆரம்ப வேகத்தில் தோற்றாலும் காற்றிடம் தோற்காதது இதனால்தான்.

2004-இல் வந்த .204 ரூகரின் கதையும் இதில் அடங்கியிருக்கிறது. 32 கிரெயின் குண்டை நொடிக்கு 1,288 மீட்டர் வேகத்தில் அனுப்பும் இந்தத் தோட்டா குழல் வாயில் .223-க்குச் சமமான ஆற்றல் காட்டுகிறது. 1,700 ஜூல் சொச்சம். 300 யார்டில் .223-இடம் 780 ஜூல் மிஞ்சியிருக்க, .204-இடம் 680-க்கும் குறைவு. லேசான பொருளைக் காற்று விரைவில் களைப்பாக்கிவிடுகிறது. 150 மீட்டருக்குள் சுடுபவருக்கு .204 அருமையான கருவி: தட்டையான பாதை, மெல்லிய உதை. காற்றடிக்கும் திறந்தவெளிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2002-இல் வந்த .17 ஹெச்எம்ஆர் இன்னும் சிறியது, 1.1 கிராம் குண்டு, 330 ஜூல். தரை அணிலுக்குச் செய்த தோட்டாவைக் கயோட்டிமீது சோதித்துப் பார்ப்பது சாமர்த்தியம் என்று சிலர் பெருமையடித்துக்கொள்கிறார்கள். விலங்குக்குச் செய்யும் கொடுமை அது.

.243 வின்செஸ்டர் 1955-இல், .308 வின்செஸ்டரின் கூட்டைக் கழுத்து ஒடுக்கிச் செய்தது. 58 கிரெயின் குண்டு போட்டால் கயோட்டித் துப்பாக்கி, 100 கிரெயின் போட்டால் மான் துப்பாக்கி. ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் முடிய வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஓநாய், நாய் மரபணுக்கள் கலந்து 20 கிலோ வரை வளரும் வடகிழக்கு மாநிலங்களின் கயோட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே காடு அடர்த்தி, சுடும் தூரமோ பல சமயம் ஐம்பது மீட்டர்கூட வராது, சிதறுகுண்டுத் துப்பாக்கியே போதும். .308, .30-06 போன்றவற்றாலும் கயோட்டியைக் கொல்லலாம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் பின்னுதை என்று ஒன்று இருக்கிறது. மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியில் .308 தோளுக்குத் தரும் ஆற்றல் .223 தருவதைப்போல் நாலு மடங்கு. வலி இங்கே பெரிய விஷயமில்லை. .223-இல் சுட்ட பிறகும் விலங்கு ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கும். குண்டு எங்கே பட்டது, அடுத்தது தேவையா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். .308-இல் ஸ்கோப் வானத்தைப் பார்த்துத் திரும்பி வருவதற்குள் கயோட்டி எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் பெரிய தோட்டாக்களோடு இலவசமாக வரும்.

வேட்டை நடக்கும் விதமும் .223-க்குச் சாதகம். கயோட்டியைத் தேடிப் போவதில்லை, வரவழைக்கிறார்கள். புதரோரம் அசையாமல் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதுகுழலில் ஊதுவார்கள். இப்போது மின்கருவிகளும் உண்டு. கயோட்டி நேரே வருவதில்லை. பாதி வழியில் வட்டமடித்துக் காற்று கீழ்வீசும் பக்கம் போய் முகர்ந்து பார்க்கும். மனித வாடை பட்டால் அடுத்த நொடி காணாமல் போகும். அதற்குமுன் ஒருமுறை நிற்கும். அந்த நிற்றல் பெரும்பாலும் இருநூறு மீட்டருக்கு உள்ளேதான்.

வாங்கும்போது குழலில் பொறித்திருக்கும் இன்னொரு எண்ணைப் பார்ப்பவர் குறைவு. 1:9, 1:14 என்று இருக்கும். குழலுக்குள் திருகுபோல் ஓடும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பது அதன் பொருள். ஒன்பது அங்குலப் புரியில் 988 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு நொடிக்கு 4,300 முறை சுழல்கிறது. நிமிடக் கணக்கில் இரண்டரை லட்சத்துக்கு மேல். அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் குண்டு காற்றில் தலைகுப்புற உருளும். எவ்வளவு சுழற்சி தேவை என்பதற்கு லண்டனை அடுத்த வூலிச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் ஓர் எளிய விதி தந்தார். குண்டின் நீளம் கூடக்கூடப் புரி நெருக்கமாக வேண்டும். பழைய .22-250 துப்பாக்கிகள் பலவற்றில் புரி 1:14. அதில் 55 கிரெயின் குண்டு அழகாகப் போகும். 75 கிரெயின் நீளக் குண்டு நிலைகுலைந்து பக்கவாட்டில் போய்ப் படும். காகித இலக்கில் வட்டத் துளைக்குப் பதில் குண்டின் முழுநீள வடிவமே கிழிந்திருக்கும். இன்றைய .223 துப்பாக்கிகளில் 1:8, 1:9 சாதாரணம்; லேசானது முதல் கனமானது வரை ஏற்றுக்கொள்ளும்.

இந்தச் சங்கதி அச்சில் இருக்கும் பழைய பாடம் என்று விட்டுவிட முடியாதபடி கலிஃபோர்னியா சட்டம் செய்துவிட்டது. சுட்ட கயோட்டியை வேட்டைக்காரர்கள் பலர் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கழுகுகள் தின்கின்றன. சதைக்குள் கிடக்கும் ஈயத் துணுக்கு கடுகளவு இருந்தாலும் பறவையின் இரத்தத்தில் கரைந்து கொல்லும். கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெருங்கழுகு 1982-இல் மொத்தமே 22 என்ற நிலைக்கு வந்ததற்கு ஈயம் முக்கியக் காரணங்களில் ஒன்று. 1987-இல் மிச்சமிருந்த எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்தக் காட்டுயிரையும் ஈயக் குண்டால் சுடக் கூடாது. மாற்று, முழுச் செம்புக் குண்டு. செம்பு ஈயத்தைவிட லேசான உலோகம், ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளும். நீளமான குண்டுக்கு நெருக்கமான புரி வேண்டும். கிரீன்ஹில் திரும்ப வந்துவிட்டார்.

வாங்கியவர் மறக்கக் கூடாத ஒன்று: .223 ரெமிங்டனும் ராணுவத்தின் 5.56 நேட்டோவும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. 5.56-க்கென்று செய்த அறையில் .223 சுடலாம். .223 அறையில் 5.56 சுட்டால் அழுத்தம் எல்லை மீறக்கூடும். குழலில் எது பொறித்திருக்கிறதோ அதுவே சட்டம். சின்னக் குண்டுதானே என்ற அலட்சியமும் வேண்டாம். மிகச் சாதாரண .22 லாங் ரைஃபிள் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை அபாயம் என்று அச்சிட்டிருப்பார்கள். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால், குன்றின் உச்சியில் வானத்துக்கு எதிரே கயோட்டி நின்றால், சுடக் கூடாது.

இத்தனை துல்லியமும் எதற்கு என்று கேட்கலாம். ஆட்டுப் பண்ணைக்காரர்களின் கோரிக்கைக்காக அமெரிக்க அரசு 1931-இல் சட்டமே இயற்றிக் கயோட்டிகளைக் கொன்றுவந்தது. விஷம், பொறி, விமானம், துப்பாக்கி எல்லாம் பார்த்தாகிவிட்டது. 2010-களில் அரசுத் துறை ஒன்று மட்டும் ஆண்டுக்கு 60,000-க்கு மேல் கொன்றது. அந்தக் காலம் முழுவதும் கயோட்டி கிழக்கே பரவி, ஹவாய் தவிர்த்த 49 மாநிலங்களிலும் குடியேறி, தெற்கே பனாமா வரை போய்விட்டது. கை கானலி, வில்லியம் லாங்ஹர்ஸ்ட் என்ற இரு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 1975-இல் கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் முக்கால்வாசியைக் கொன்றாலும் இனம் அற்றுப்போக அரை நூற்றாண்டுக்கு மேலாகும் என்று வந்தது. கூட்டம் குறைந்தால் மிச்சமிருப்பவை அதிகக் குட்டி போடும். அதிகக் குட்டி பிழைக்கும். ஆட்டைக் கடித்த குறிப்பிட்ட ஒரு கயோட்டியை நிறுத்தத் துப்பாக்கி உதவும். கயோட்டி இனத்தை ஒடுக்கும் காலிபர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சுடுவதற்குமுன் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வட கரோலினாவில் ஐந்து மாவட்டங்களில் மட்டும் உலகின் கடைசிக் காட்டுச் சிவப்பு ஓநாய்கள் வாழ்கின்றன. எண்ணிக்கை சில பத்துகள்தான். அந்தி வெளிச்சத்தில் இளம் ஓநாய்க்கும் கயோட்டிக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது நிபுணருக்கே கடினம்; கயோட்டி என்று நினைத்துச் சுட்டதில் ஓநாய்கள் செத்தன. 2014 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஐந்து மாவட்டங்களிலும் கயோட்டி வேட்டையையே நிறுத்தி வைத்தது. பிறகு ஏற்பட்ட சமரசத்தின்படி பகலில் தனி அனுமதிச்சீட்டோடு சுடலாம், இரவில் கூடாது. .223 ஆனாலும் .243 ஆனாலும், ஸ்கோப்பில் நிற்பது எந்த விலங்கு என்று நூற்றுக்கு நூறு தெரியாதவரை விரலை விசைக்கு வெளியே வைத்திருங்கள்.